தெரிந்த தட்டும் தெரியாத தட்டும்: டபுள் ட்ராப்பிலிருந்து ட்ராப்புக்கு மாறிய ஒரு வீரர் பற்றிய நிகழ்வு ஆய்வு

2017 ஜூன் 9 அன்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி டோக்கியோ போட்டிகளுக்கான பட்டியலை அறிவித்தது. துப்பாக்கி சுடுதலில், ஒரே நேரத்தில் காற்றில் வீசப்படும் இரண்டு தட்டுகளைச் சுடும் ஆண்கள் டபுள் ட்ராப் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் இடத்தில் ஆணும் பெண்ணும் இணைந்து சுடும் ட்ராப் கலப்புப் பிரிவு வந்திருந்தது. ட்ராப்பில் ஒரு முறைக்கு ஒரு தட்டுதான் வரும். இங்கே பதிவுசெய்யப்படும் வீரருக்கு அப்போது வயது 24. எட்டு ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடுபவர். அதில் ஏழு ஆண்டுகள் டபுள் ட்ராப்.

நான் அவருடைய பயிற்சியாளர்களில் ஒருவன். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இருவருமாக உட்கார்ந்து நீக்கினோம். எங்கள் முடிவுகளில் சில தவறானவை. அவற்றையும் அவற்றுக்கு அப்போது இருந்த காரணங்களோடு எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அவருடையது தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் விவசாயக் குடும்பம். தாத்தா காலத்து உரிமத்தில் வீட்டில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. 2004இல் ஏதென்சில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் டபுள் ட்ராப்பில் வெள்ளி வென்றபோது இவருக்கு 11 வயது. சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தனிநபர் ஒலிம்பிக் வெள்ளி அது. அந்த ஒரு பதக்கம் நாடு முழுக்க எத்தனையோ சிறுவர்களை டபுள் ட்ராப் பக்கம் இழுத்தது. இவரும் அவர்களில் ஒருவர்.

16 வயதில் ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். முதல் ஓராண்டு ட்ராப் சுட்டார், சுமாராகத்தான். பிறகு ஒரு மூத்த வீரர் இவருடைய கை வேகத்தைப் பார்த்து டபுள் ட்ராப்புக்கு அனுப்பினார். அங்கே வேகமாக வளர்ந்தார். தேசியப் போட்டிகளில் இறுதிச் சுற்று வரை போனார். 2016 முடிவில் இந்திய அணித் தேர்வுக்குச் சுடும் இடத்தில் இருந்தார். அப்பா நிலத்தில் ஒரு பகுதியை விற்று மேல்கீழ் குழல் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அந்த நிலம் இருந்தது.

இரண்டு ஆட்டங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ட்ராப்பும் டபுள் ட்ராப்பும் அண்ணன் தம்பி போலத் தெரியும். தட்டு வீசும் இயந்திரங்கள் இருக்கும் அதே பங்கர், வீரர் நின்று சுடும் அதே ஐந்து ஸ்டேஷன்கள், 11 செ.மீ. அகலமும் 105 கிராம் எடையும் கொண்ட அதே தட்டு. க்ளே என்று நாம் சொன்னாலும் அது களிமண் அல்ல, கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது. அதே 12 போர் துப்பாக்கி, 24 கிராம் சிறுகுண்டுகள் அடைத்த அதே தோட்டா. இந்த ஒற்றுமைதான் எங்களை ஏமாற்றியது.

டபுள் ட்ராப்பில் நடுவில் உள்ள மூன்று இயந்திரங்கள்தான் வேலை செய்யும். வீரர் குரல் கொடுத்துத் தட்டைக் கூப்பிட்டதும் அவற்றில் இரண்டு, ஒரே நேரத்தில் ஒவ்வொரு தட்டை வீசும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குண்டு. எந்த இரண்டு இயந்திரம், தட்டு எந்தப் பாதையில் போகும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். அதனால் நல்ல வீரர் முதல் தட்டைத் துரத்துவதில்லை. அது வரப்போகும் இடத்தில் குழல் முனையை வைத்துக்கொண்டு, தட்டு அங்கே வந்ததும் சுட்டுவிடுவார். மிச்ச நேரம் முழுவதும் இரண்டாவது தட்டுக்கு.

ட்ராப்பில் 15 இயந்திரங்கள், ஒரு ஸ்டேஷனுக்கு மூன்று. அந்த மூன்றில் எது வீசும் என்று வீரருக்குத் தெரியாது. தட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ 45 டிகிரி வரை சாய்ந்து போகலாம், நேராகவும் போகலாம். டபுள் ட்ராப் தட்டு 55 மீட்டருக்கு வீசப்பட்டால் இது 76 மீட்டருக்கு வீசப்படும், அதனால் வேகமும் கூடுதல். ஒரே தட்டுக்கு இரண்டு குண்டு சுடலாம். ஆனால் இறுதிச் சுற்றில் ஒன்றுதான்.

ஒன்றில் தட்டு எங்கே வரும் என்று தெரிந்து காத்திருக்க வேண்டும். மற்றதில் எதையும் எதிர்பார்க்காமல் நிற்க வேண்டும். 2018இல் எங்களுக்கு இதை வாயால் சொல்லத் தெரிந்திருந்தது. கையும் கண்ணும் அதை எவ்வளவு ஆழமாகப் பிடித்து வைத்திருக்கும் என்பது தெரியவில்லை.

முதல் முடிவு: மாறாமல் இருப்பது (2017 ஜூன் – 2018 இறுதி)

அறிவிப்பு வந்த வாரத்தில் மூன்று வழிகளைப் பேசினோம். உடனே ட்ராப்புக்கு மாறுவது, இரண்டு கூண்டுகளிலிருந்து வீசப்படும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட்டுக்குப் போவது, கொஞ்ச காலம் டபுள் ட்ராப்பிலேயே நிற்பது. மூன்றாவதை எடுத்தோம். 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியிலும், ஆகஸ்டில் ஆசிய விளையாட்டிலும் டபுள் ட்ராப் இருந்தது. வருடக்கணக்கில் உழைத்தவர் அறுவடைக்கு முன் வயலை விட்டுப் போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டு அணித் தேர்விலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாவதில் இடைவெளி மிகச் சிறியது. அந்த இரு போட்டிகளிலும் இந்தியர்கள் டபுள் ட்ராப்பில் பதக்கம் வென்றார்கள். ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற ஷர்துல் விஹானுக்கு வயது 15. அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நம் வீரர் கை தட்டினார். பிறகு எழுந்து வெளியே போய் வெகுநேரம் வரவில்லை.

ஒன்றரை ஆண்டு போயிற்று. பிறரைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை, முடிவு எங்களுடையது.

மாற்றத்தின் தொடக்கம்

2018 இறுதியில் மாறுவது என்று ஆனபோது ட்ராப்பா ஸ்கீட்டா என்ற கேள்வி மறுபடி வந்தது. கண் முன்னே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. அமெரிக்காவின் கிம் ரோட் 1996இலும் 2004இலும் பெண்கள் டபுள் ட்ராப்பில் தங்கம் வென்றவர். ஏதென்சுக்குப் பிறகு பெண்களுக்கான அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டதும் ஸ்கீட்டுக்கு மாறினார். 2008இல் வெள்ளி, 2012இல் தங்கம், 2016இல் வெண்கலம். நம் நாட்டில், கோல்ட் கோஸ்டில் பெண்கள் டபுள் ட்ராப் தங்கம் வென்ற ஷ்ரேயசி சிங் ட்ராப்பிலும் சுட்டுக்கொண்டிருந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பங்கேற்றது ட்ராப்பில்தான்.

நாங்கள் ட்ராப்பை எடுத்தோம். காரணம் எளியது. துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தது. ட்ராப்பிலும் டபுள் ட்ராப்பிலும் ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் பின்கட்டையை, தோளில் பதித்துக்கொண்டுதான் தட்டைக் கூப்பிடுவோம். ஸ்கீட்டில் துப்பாக்கி இடுப்பருகில் இருக்க வேண்டும், தட்டு வந்த பிறகே தோளுக்கு ஏற வேண்டும். வேறு துப்பாக்கி, வேறு உடல் பழக்கம். கைக்கும் தோளுக்கும் எது பக்கம் என்று கணக்குப் பார்த்தோம். கண்ணுக்கு எது பக்கம் என்று பார்க்கவில்லை.

முதல் முழுப் போட்டியில் 125 தட்டுக்கு 106. தேசிய அளவில் அது எதற்கும் போதாது. “ஆறு மாசத்துல சரியாயிடும் சார்” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தவறான நோயறிதல்

அடுத்த எட்டு மாதங்கள் துப்பாக்கியோடு மல்லுக்கட்டினோம். இந்தப் பகுதியை நீட்ட வேண்டியதில்லை. குழல் வாயின் குறுக்கத்தை சோக் என்போம். டபுள் ட்ராப்புக்கு ஏற்ற திறந்த சோக்கை மாற்றி இறுக்கமான சோக் போட்டது சரியான வேலை; இங்கே தட்டு தொலைவில் உடைபடுவதால் குண்டு அவ்வளவு விரிந்துவிடக் கூடாது. ஸ்டாக்கில் கன்னம் பதியும் மேட்டை உயர்த்தினோம், பிறகு இறக்கினோம், மறுபடி உயர்த்தினோம். கண் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு வாரம் ஸ்கோர் ஏறும், பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்து ஏமாந்தது என் பிழை. எதை மாற்றினாலும் புதுக் கவனத்தால் கொஞ்ச நாள் ஏறத்தான் செய்யும்.

செலவையும் சொல்ல வேண்டும். டபுள் ட்ராப்பில் 150 தட்டுக்கு 150 தோட்டா, கணக்கு முடிந்தது. ட்ராப்பில் முதல் குண்டு தவறினால் இரண்டாவது போகும். 125 தட்டுக்கு 125 தோட்டாவும் ஆகலாம், 250ஐ நெருங்கவும் செய்யலாம். தடுமாறுகிற வீரருக்குத்தான் செலவு அதிகம். வெளிநாட்டுத் தோட்டா, தட்டுக் கட்டணம், டெல்லி துக்ளகாபாத்தின் டாக்டர் கர்ணி சிங் தளத்துக்குப் போய் வரும் செலவு என்று சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் அப்பா என்னிடம் தனியாகக் கேட்டார்: “இன்னும் எத்தனை வருஷம் பாக்கணும் சார்?” என்னிடம் பதில் இல்லை.

கவனித்தவை

2019 நடுவில் இரண்டு வேலை தொடங்கினோம். முதலாவது, தவறிய தட்டுகளுக்கென்று தனி நோட்டு. அதுவரை ஸ்கோரை மட்டும்தான் எழுதிவந்தோம். இப்போது தவறிய ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்டேஷன், தட்டு போன திசை, முதல் குண்டா இரண்டாவதா, சுற்றில் எத்தனையாவது தட்டு என எல்லாம் எழுதினோம். இரண்டாவது, வலத் தோளுக்குப் பின்னாலிருந்து கைபேசியில் படம் பிடித்தோம். ஆறு வாரத்தில் மூன்று விஷயங்கள் தெளிந்தன.

முதலில் கண்டது கை முந்துவது. அவர் கூப்பிட்டதும், தட்டு பங்கரை விட்டு வருவதற்கு முன்பே குழல் முனை சற்று மேலே ஏறியது. டபுள் ட்ராப்பில் அந்த அசைவு சொத்து. இங்கே, நேர்த்தட்டில் அதனால் கெடுதல் இல்லை. அகலமாகச் சாயும் தட்டில், மேலே போகத் தொடங்கிய குழலை நிறுத்திப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது. அதற்குள் தட்டு போய்விடும். அகலத் தட்டுகளில் தவறியதெல்லாம் தட்டுக்குப் பின்னால் போன குண்டுகள்.

இரண்டாவது குண்டில் இன்னொரு பழக்கம் தெரிந்தது. முதல் குண்டுக்குப் பிறகு அவருடைய கண் தட்டைப் படிக்காமல் அடுத்ததைத் தேடிப் போனது. எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அடுத்ததாக ஒரு தட்டு இருந்திருக்கிறது. கண் அதை எதிர்பார்க்கிறது. தவறிய தட்டு இன்னும் பறந்துகொண்டிருக்க, கண் ஒரு கணம் வேறெங்கோ இருந்தது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க நாளாயிற்று. நோட்டில் ஒரு விசித்திரம் தென்பட்டது. 25 தட்டுச் சுற்றின் முதல் பாதியைவிடக் கடைசிப் பத்தில் தவறுகள் அதிகம். களைப்பு என்று நினைத்தேன். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. கடைசிப் பத்தில் அவர் கூப்பிட எடுத்துக்கொள்ளும் நேரம் நீண்டது. விதி தரும் 12 நொடியில் பெரும்பகுதியை நின்றே கழித்தார். முகத்தில் யோசனை.

“என்ன யோசிக்கிற தம்பி?”

தயங்கிவிட்டுச் சொன்னார்: “எண்றேன் சார்.”

ட்ராப்பில் ஒரு சுற்றில் ஒவ்வொரு வீரருக்கும் 10 இடத்தட்டு, 10 வலத்தட்டு, 5 நேர்த்தட்டு வரும். ஸ்டேஷன் கணக்கில் இரண்டு இடம், இரண்டு வலம், ஒரு நேர். வரிசைதான் தெரியாதே தவிர மொத்தம் எல்லோருக்கும் சமம். போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அவர் ஐந்து ஸ்டேஷனுக்கும் மனதில் தனித்தனிக் கணக்கு வைத்து, இனி எது மிச்சம் என்று கண்டுபிடித்து, அதற்கேற்பக் குழலை முன்கூட்டியே சாய்த்துக்கொண்டிருந்தார். கணக்குச் சரியாக இருந்தால் தட்டு அழகாக உடைந்தது. ஒன்று பிசகினாலும் தட்டு இந்தப் பக்கம், குழல் அந்தப் பக்கம். அந்தத் தவறுகளில் இரண்டாவது குண்டுக்கும் வழியில்லை.

அதை அவர் ஏமாற்று வேலையாகச் செய்யவில்லை. விதியிலும் அதற்குத் தடை கிடையாது. தெரியாத தட்டை எப்படியாவது தெரிந்த தட்டாக மாற்றிக்கொள்ள அவருடைய பயிற்சி முழுவதும் அவரை உந்தியது. அதைக் கேட்ட அன்று எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. ஒரு கலையை அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார் என்ற மரியாதைதான் வந்தது.

எடுத்த முடிவுகள்

2019 செப்டம்பரில் நான்கு விஷயங்களுக்கு ஒப்புக்கொண்டோம். டபுள் ட்ராப்பை முழுவதுமாக நிறுத்துவது அவற்றில் கடினமானது. தேசியப் போட்டியில் அந்தப் பிரிவு இன்னும் நடந்துகொண்டிருந்தது, அவருக்கு அதில் பதக்க வாய்ப்பும் இருந்தது. பதக்கம் என்றால் சான்றிதழ், சான்றிதழ் என்றால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஒரு கதவு. அதையும் மீறி நிறுத்தக் காரணம், ஒரு வார டபுள் ட்ராப் பயிற்சி இரண்டு மாத வேலையைக் கலைத்துவிடுவதை நோட்டிலேயே பார்த்திருந்தோம்.

பயிற்சியில் ஒரே தோட்டா என்று வைத்தோம். மேல் குழல் காலி. இரண்டாவது குண்டு இல்லை என்று தெரிந்தால்தான் கண் முதல் தட்டோடு கடைசிவரை இருக்கும் என்பது எண்ணம். தோட்டாச் செலவும் குறைந்தது, அப்பாவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி.

சுடாமல் பார்க்கும் நாள் வாரத்தில் ஒன்று. ஸ்டேஷனில் காலித் துப்பாக்கியோடு நின்று, தட்டு வெளியே வந்து திசை தெரிந்த பிறகே குழலை நகர்த்த வேண்டும். முதல் வாரம் அவரால் பத்துக்கு நான்கு முறைகூடக் காத்திருக்க முடியவில்லை.

எண்ணுவதை நிறுத்துவதற்கு ஒரு தந்திரம் செய்தோம். பயிற்சியில் இயந்திர இயக்குநரிடம் சொல்லி, சமப்படுத்தும் வரிசையை எடுத்துவிட்டு எந்தத் தட்டு வேண்டுமானாலும் எத்தனை முறையும் வரும்படி விட்டோம். ஒரே ஸ்டேஷனில் நான்கு இடத்தட்டு தொடர்ந்து வரும். கணக்கு உதவாது என்று கைக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்லிப் பயனில்லை.

தொடர்ந்து நடந்தவை

முதல் மூன்று மாதம் ஸ்கோர் விழுந்தது. 106லிருந்து 110க்கு ஏறியிருந்தவர் 101க்கு இறங்கினார். விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொன்னார், நானும் ஒருமுறை நினைத்தேன். நோட்டுதான் பிடித்து நிறுத்தியது. தவறுகளின் எண்ணிக்கை கூடியிருந்தாலும் வகை மாறியிருந்தது: குழல் தப்பான பக்கம் கிடந்த தவறுகள் அநேகமாக மறைந்துவிட்டன.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. தளங்கள் மூடப்பட்டன. வீட்டு மாடி அறைச் சுவரில் ஒரு கோடு வரைந்து, ஐந்து திசைக்கு ஐந்து அடையாளம் வைத்து, காலித் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி நகர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தார். தங்கை நினைத்த நேரத்தில் ஒரு எண் சொல்வாள், குழல் அந்த அடையாளத்துக்குப் போக வேண்டும். அவள் எந்த எண்ணைச் சொல்வாள் என்று கணிக்க வழியே இல்லை. நாங்கள் திட்டமிட்ட எந்தப் பயிற்சியையும்விட இது நன்றாக வேலை செய்தது என்பது என் கணிப்பு. சத்தமில்லை, உதைப்பில்லை, ஸ்கோர் இல்லை; பழைய பழக்கத்தைத் தூண்டிவிட எதுவுமே இல்லை.

தளம் திறந்தபின் சுட்ட முதல் சுற்றுகளைப் படம் பிடித்தபோது கை முந்தவில்லை. 2021இல் 113, 114 என்று நிலைத்தார். 2022இல் ஒரு போட்டியில் 118 சுட்டார். அவருடைய வாழ்நாள் உச்சம் அது. அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் பதக்கம் கிடைத்தது. தேசிய அணித் தேர்வில் எட்டும் தூரம்வரை போனார், உள்ளே நுழையவில்லை.

அதற்குள் வயது 30ஐத் தொட்டது. ட்ராப்பில் அது வயதே அல்ல. 2024இல் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 37 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார். ஆனால் காத்திருக்கப் பணம் வேண்டும். 2023இல் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்டு, அணித் தேர்வுகளுக்குப் போவதை நிறுத்தினார். விடுமுறை நாட்களில் இளையோருக்குப் பயிற்சி தருகிறார், மாநிலப் போட்டிகளில் சுடுகிறார்.

அந்த ஆண்டு ஆசைக்காக ஒரு நாள் டபுள் ட்ராப் சுட்டுப் பார்த்தார். முதல் தட்டைக் கண் காத்திருந்து பார்த்தது. அதற்குள் இரண்டாவது தூரம் போயிருந்தது. “பழைய கை போயிடுச்சு சார்” என்றார். குரலில் வருத்தம் இருந்தது, அதோடு ஓர் ஆறுதலும் இருந்தது.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

அறிவிப்பு வந்த வாரத்திலேயே தவறுகளின் நோட்டைத் தொடங்குவேன். ஸ்கோர் எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. எட்டு மாதம் ஸ்டாக்கை ஏற்றி இறக்கியதெல்லாம் அந்த நோட்டு இல்லாததால்தான்.

2018 போட்டிகளுக்காகக் காத்திருந்ததை அவர் இன்றும் தவறு என்று ஒப்புக்கொள்வதில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன். இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, அப்படியே பதிவு செய்கிறேன்.

எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்கீட். அங்கே எட்டு ஸ்டேஷன்கள், இரண்டு கூண்டுகள், உயரத்தில் ஒன்று, தாழ்வில் ஒன்று. கூப்பிட்டபின் மூன்று நொடிவரை தாமதம் இருக்கலாமே தவிர, தட்டின் பாதை ஒவ்வொரு முறையும் ஒன்றேதான். ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வரும் இரட்டைகளும் உண்டு. தெரிந்த தட்டுக்காகக் காத்திருக்கவும், ஒன்றை உடைத்ததும் அடுத்ததற்குக் கண்ணைக் கொண்டுபோகவும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் பழகிய ஒருவருக்கு அது உறவுக்கார ஆட்டம். இடுப்பிலிருந்து தோளுக்குத் துப்பாக்கியை ஏற்றுவதை வயதுவந்த வீரர் ஓராண்டில் பழகிக்கொள்ளலாம். எதிர்பார்ப்பை அழிப்பதற்கு எங்களுக்கு அதைவிட அதிகக் காலம் பிடித்தது. ஸ்கீட்டில் அவர் நிச்சயம் வென்றிருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதமாவது இரவல் துப்பாக்கியோடு அந்தத் தளத்தில் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

இப்போது எங்களிடம் வரும் இளையோரைப் பிரிவு முடிவு செய்வதற்கு முன் ட்ராப்பிலும் ஸ்கீட்டிலும் ஆறு ஆறு வாரம் நிறுத்துகிறோம். இரண்டிலும் நோட்டு எழுதுகிறோம். அந்த நோட்டின் கட்டங்களை வரைந்து கொடுத்தவர் அவர்தான். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: கூப்பிடும் முன் எந்தத் தட்டை எதிர்பார்த்தாய்? பெரும்பாலான பிள்ளைகள் அதை முதல் சில நாட்கள் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டு நிரப்புகிறார்.